நான்காவது கேப்

"நீதானா அந்த லெட்டரு பொண்ணு?"

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்த செல்வநாயகி, வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டுத்தான் இதைக் கேட்டாள்.

வெண்பா தலையாட்டினாள்.

அவள் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே, செல்வநாயகியின் முன்பல்லுக்கு மாட்ட வேண்டிய பீங்கான் கேப். நான்காவது.

முதல் மூன்றும் லேபுக்கே திரும்பி வந்துவிட்டன.

செயற்கைப் பல் செய்யும் பட்டயப் படிப்பில் வெண்பாவுக்கு இது கடைசி மாதம். விருத்தாசலத்தில் ஒரு பல் லேபில் பயிற்சி. ஒரு வேலை மூன்று முறை திரும்பினால், செய்தவரே கிளினிக்குக்கு நேரில் போக வேண்டும் என்பது லேபின் விதி. பல்லுக்கு உரியவர் 'திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் வரும். திங்கட்கிழமையிலிருந்து அதே லேபில் நிரந்தர வேலை. போடாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பயிற்சி.

வெண்பா டப்பாவின் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

இத்தனைக்கும் 'தொழில் அமைப்பும் வாடிக்கையாளர் உறவும்' பாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல். அனுப்பும் ஒவ்வொரு பல்லோடும் ஒரு கடிதம் வைக்க வேண்டும், அச்சடித்தது கூடாது, சொந்தக் கையெழுத்தில் இரண்டு வரியாவது அன்பாக எழுத வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார்.

அவளும் எழுதினாள். 'உங்கள் புன்னகை என் பொறுப்பு. சூடாக எதையும் குடித்துவிடாதீர்கள். உங்கள் நினைவாகவே இருக்கிறேன்.'

கடைசி வரிகூடப் பாடப்புத்தகத்தில் இருந்ததுதான்.

செல்வநாயகிக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. கடிதங்களைப் படித்துக் காட்டியது மகன் கார்முகில். திருப்பி அனுப்பும் சீட்டில் குறை எழுதியதும் அவன்தான்.

முதல் சீட்டு: 'கேப் அழகு. ஆனால் பக்கத்துப் பற்கள் அதைப் பார்த்து வெட்கப்படுகின்றன.'

இரண்டாவது: 'நிறம் சரி. ஆனால் அம்மா சிரிக்கும்போது இந்தப் பல் மட்டும் சிரிக்கவில்லை.'

மூன்றாவது: 'மன்னிக்கவும். இந்தத் தடவை நிஜமாகவே வெள்ளை.'

வெண்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடத்தில் படித்தபடியே ஆரம்பித்தாள். "அம்மா, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..."

"செரமமா? ஒன்னரை மாசமா ஒரு முறுக்கு கடிக்கல பொண்ணு நானு!"

செல்வநாயகி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மொத கேப்பே எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணாடியில பாத்து எனக்கு நானே திருஷ்டி கழிச்சிக்கிட்டேன்னா பாத்துக்கோ. எம் மவந்தான் நல்லா இல்லம்மா, திருப்பி அனுப்பலாம்னான். ரெண்டாவதையும் அதே மாரி அனுப்பிட்டான். பொம்மை கம்பெனியில பெயிண்ட் அடிக்கிறவன், கலரு தெரிஞ்சவனாச்சேன்னு நானும் நம்பிட்டேன். இன்னிக்குக் காலையில அவன் சட்டையத் தொவைக்க எடுத்தா, பாக்கெட்டு பூரா உன் லெட்டரு! லேமினேசன் பண்ணி வச்சிருக்கான், ரேசன் கார்டு மாரி!"

டாக்டர் வளர்மதி சட்டென்று முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார். அதற்குள் தோள்கள் குலுங்க ஆரம்பித்துவிட்டன.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவன் நின்றிருந்தான். அம்மாவின் குரல் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். ஹெல்மெட்டின் கண்ணாடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டான்.

கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கப் பாடத்தில் ஏழு படிகள் உண்டு. இதற்கு ஒரு படியும் இல்லை.

"ஆனா ஒன்னு," என்றாள் செல்வநாயகி. "மூணாவது நெசமாவே நல்லா இல்ல. நம்ம ஊரு பீங்கான் கம்பெனியில செய்யிற வாஷ்பேசின் மாரி வெள்ளை வெளேர்னு! கண்ணு கூசுதுடின்னு எதுத்த வூட்டு பூவாயி மொகத்தத் திருப்பிக்கிறா. ரெண்டு தடவ ஒழுங்கா செஞ்சவ, அது எப்படிம்மா கோட்டை விட்ட?"

"தப்பு என்னோடதுதாங்கம்மா," என்றாள் வெண்பா.

அதை மட்டும் அவள் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

டாக்டர் டப்பாவைத் திறந்து நான்காவது கேப்பைப் பொருத்தினார். பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்ததுபோல உட்கார்ந்துகொண்டது. செல்வநாயகி கைக்கண்ணாடியில் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பூவாயியை நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்தும் பார்த்தாள்.

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"கையெழுத்துப் போடுறேன். இனிமே எழுதறதா இருந்தா நேரா அவனுக்கே எழுது பொண்ணு. நடுவுல எம் பல்ல இழுக்காதீங்க."

'திருப்தி' என்ற கட்டத்துக்குள் அடங்காமல், காகிதத்தின் ஓரம் வரைக்கும் தன் பெயரை எழுதினாள்.

வெண்பா தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே ஹெல்மெட் ஒருவழியாகக் கழன்றுகொண்டிருந்தது.

டாக்டர் காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். மூன்றாவது கேப் லேபுக்குத் திரும்பிப் போனது நேற்று, பத்தொன்பதாம் தேதி சாயங்காலம். அது செய்யப்பட்ட தேதி, பன்னிரண்டு.

நான்காவதின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மூடியில் ஒட்டியிருந்த லேபிளில், வெண்பாவின் குண்டுக் கையெழுத்தில், செய்த தேதியாக அதே பன்னிரண்டு. மூன்றாவது திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வெண்பா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் லேபிளை நகத்தால் உரித்து, பஞ்சுக் குப்பையோடு சேர்த்துப் போட்டார்.