கூட்டிய வெளிச்சம்

எண்பது கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழையின் இரு முனைகளிலும் இருந்துகொண்டு, கடற்கரை ரவுட்டரும் மலை ரவுட்டரும் வெளிச்சத்தால் பேசி வந்தன. இழையின் இணைப்பில் அழுக்கு சேர்ந்திருந்தது. "மங்கலாத் தெரியுதுண்ணே" என்று மலை சொல்லும்போதெல்லாம் கடற்கரை தன் வெளிச்சத்தைக் கூட்டியது.

ஒருநாள் பணியாளர்கள் இணைப்பைத் துடைத்தார்கள்.

"அண்ணே, கண்ணு எரியுது. கொஞ்சம் குறைங்க" என்றது மலை.

"குறைச்சா நாளைக்கே மங்கல்னு அழுவே. உன்னை எனக்குத் தெரியாதா?" என்று கடற்கரை இன்னும் கூட்டியது.

வெளிச்சத்தை வாங்கும் மலையின் கண் கருகிப்போனது. வெளிச்சத்தை அனுப்பும் வாய் மட்டும் பிழைத்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா" என்றது கடற்கரை.

"அண்ணே, இருக்கீங்களா?"

கடற்கரை வெளிச்சத்தைக் குறைத்துச் சொன்னது, கெஞ்சியும் சொன்னது. அந்தக் கேள்வி மட்டும் தெளிவாக வந்துகொண்டே இருந்தது.