வலிச்சட்டை

உடம்பெல்லாம் வலிக்கும் நோய்க்கு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதிக் கொடுத்ததை, வீட்டில் ‘நடிப்பு’ என்று மொழிபெயர்த்து ஒன்பது வருஷமாகிறது. அதனால், வலிக்கும் இடமெல்லாம் சிவப்பாக ஒளிரும் சட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்ததுமே, சுடர்விழி அதைப் போட்டுக்கொண்டு மாமியார் ராஜாமணி முன்னால் வந்து நின்றாள். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு என்று பதினோரு இடங்கள் எரிந்தன.

ராஜாமணி அசரவில்லை. “கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் பல்பு மாதிரி இருக்கு. கழட்டிக் குடு. கல்லாட்டம் இருக்கிற எனக்கே எரியும் பாரு.”

போட்டுக்கொண்டாள். பதினெட்டு இடங்கள் எரிந்தன. சட்டையில் அதற்குமேல் விளக்கு இல்லை.

“பாத்தியா, ஓட்டை மெஷினு,” என்றாள், ஜெயித்த குரலில்.

சுடர்விழி அவள் தோளில் மெல்ல விரல் வைத்தாள். “இங்க வலிக்குதா அத்தை?”

“வலிக்கும். அதுக்கென்ன?”

“இங்க?”

“அது கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே இருக்கு. எல்லாருக்கும் இருக்கிறதுதானே.”

“காலையில ஆஸ்பத்திரியில உங்க மகன் போட்டுப் பாத்தாரு அத்தை. ஒண்ணும் எரியல.”

ராஜாமணி கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணுகூடவா?” என்று கேட்டாள்.