அரைக்கட்டை

நாடகத்தில் வள்ளி வேஷம் போடுகிறவள் என் பெண்டாட்டி சிட்டம்மாள். ஆர்மோனியம் நான். அவள் தொண்டையில் கட்டி இருக்கிறது, உச்சத்தில் பாடினால் ரத்தம் கொட்டும் என்றார் டாக்டர். எந்த டாக்டரையும் நம்பாத நான் அதை நம்பிப் பயந்தேன். அவளிடம் சொல்லாமல் சுருதியை அரைக்கட்டை இறக்கினேன்.

முருகன் வேஷக்காரன் உடையப்பன் மேடையிலேயே கேட்டான்: "என்ன வள்ளி, இன்னிக்குக் கஞ்சி குடிக்கலையா?"

சனம் சிரித்தது. அவள் ஆடுவதுபோல வந்து என் பக்கம் குனிந்தாள்.

"அவன் முன்னாடி என்னை எறக்குறியாய்யா? ஏத்து."

"செத்துருவடி."

"பாடிட்டுச் சாவுறேன்."

ஆர்மோனியப் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சுருதி இல்லாமலே, அவனைப் பார்த்தபடி உச்சத்துக்குப் போனாள். ஒரே விசில். நான் அவள் வாயையே பார்த்தேன். வெற்றிலை போட்டிருந்தாள். வாயெல்லாம் சிவப்பாகத்தான் இருந்தது.