ஓடக்காரன் கரை சேர்ந்தானா?

“தபித்தாள், சுத்தி வளைக்க வேண்டாம். கொட்டாய்க்குள்ள போய்ப் படம் பார்த்தீங்களா, இல்லீங்களா?”

கேட்டவர் மூப்பர் செல்லதுரை. ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயிலை ஒட்டிய சின்ன அறையில் சபையார் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். வெளியே மேகம் இறங்கி, எதிர்த்த தேயிலைச் சரிவே தெரியவில்லை.

“பார்க்கலீங்க” என்றாள் தபித்தாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அந்த எஸ்டேட் கிறிஸ்தவ சபையில் சினிமா பார்ப்பது பாவம். பார்த்தவருக்கு ஆறு மாதம், அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து கிடையாது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலையும் வாசிக்க மாட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்களே, அந்த ஓலை. இப்போது கேட்டால் சிரிப்பீர்கள். தபித்தாளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சுசீலாவுக்குப் போன வாரம்தான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்றைக்கு இரண்டாவது வாசிக்க வேண்டிய நேரத்தில் மூப்பர் எழுந்து தடை சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா லோயிஸ் டீச்சர், குன்னூர்க்காரி ஆனாலும் இதே சபைக்காரி, மூப்பருக்கு அடுத்த நாற்காலியில் முக்காடு விலகாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூப்பரின் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை கொழுந்து நிரையில் தபித்தாள் படம் சொல்ல ஆரம்பித்தால், மற்றப் பெண்கள் கை ஓயாமல் கிள்ளிக்கொண்டே கேட்பார்கள். கதாநாயகி எந்த மரத்தடியில் நின்று பாடினாள், வில்லன் எந்தக் கதவு வழியாக வந்தான், ஒன்றும் விடமாட்டாள். பாட்டையும் அடி பிசகாமல் பாடுவாள். கடைசியில் தன் தீர்ப்பையும் சொல்வாள்: “முதல் பாதி கொழுந்து, பின் பாதி முத்தல்.” முத்தின இலையைக் கிள்ளியதற்காகத் திட்ட வந்த மேஸ்திரி, அதை மறந்துவிட்டு, அப்புறம் அந்த வக்கீல் என்ன பண்ணினான் என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பார். குன்னூர் போய்வர முடியாத அத்தனை பேருக்கும் அவள் சொன்னதுதான் படம்.

கடைசியாகச் சொன்னது ஓடக்காரன் படம். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள்; மருத்துவச்சியைக் கூட்டிவர, வெள்ளத்தில் ஓடத்தை இறக்குகிறான் அவன். நிரையில் பாதிப் பேர் அழுதார்களாம். அந்த அழுகைதான் மூப்பர் காதுவரை போய்விட்டது.

பார்க்காமலே இத்தனையும் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார் மூப்பர்.

தபித்தாள் இடுப்பில் செருகியிருந்த ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சந்தையில் சாக்கு விரித்துப் போட்டு விற்பார்களே, அதுதான். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். மெட்டு, டீக்கடை ரேடியோவில் பிடித்தது. மரமும் கதவும் அவளே வைத்தது.

மூப்பர் அதைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துக் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார்: “‘பொங்கும் வெள்ளத்தில் போன ஓடக்காரன் கரை சேர்ந்தானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ இதுல முடிவே இல்லியே. நீங்க முடிவும் சொன்னீங்கல்ல?”

“சொன்னனுங்க. கரை சேர்ந்துட்டான்னு சொன்னேன்.”

“அது எப்படித் தெரியும்?”

“தெரியாதுங்க. அடுத்த நிரையில ஞானசுந்தரி கிள்ளிக்கிட்டு நிக்கிறா, ஏழு மாசம். அவ காதுபட, புருசன் வெள்ளத்தோட போயிட்டான்னு எப்படிங்க சொல்றது? நானேதான் கரை சேர்த்தேன்.”

மூப்பர் நம்பவில்லை. தபித்தாள் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தாள். படம் பார்த்த யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். அதிலும் அவன் கரை சேர்ந்திருந்தால் என் பேரை அடித்துவிடுங்கள் என்றாள். சபைக்கு வெளியே உள்ளவர்கள் சாட்சி இங்கே செல்லாது என்றார் மூப்பர். பிறகு, சபையாரில் அந்தப் படத்தைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டு பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

உபதேசியார் தேவநேசன் சபைப் புத்தகத்தில் விலக்கப்பட்டவர்கள் பக்கத்தைத் திருப்பி, பேனாவை மையில் தோய்த்தார். கணக்கோ ஜெபமோ கல்யாணமோ, அந்தச் சபையில் எழுதுவதும் அவர்தான், ஓலை வாசிப்பதும் அவர்தான்.

“என்னை எத்தனை மாசம் வேணுமின்னாலும் விலக்குங்க” என்றாள் தபித்தாள். “புள்ளை ஓலையை மட்டும் நிறுத்தாதீங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லோயிஸ் டீச்சர் எழுந்து நின்றிருந்தாள்.

“சம்பந்தியம்மா படம் பார்க்கலீங்க” என்றாள். “படத்துல அவன் கரை சேர்றதே இல்லை. ஓடம் மட்டுந்தான் காலியா வந்து ஒதுங்கும்.”

மூப்பர் கண்ணாடியைக் கழற்றி டீச்சரை வெறுங்கண்ணால் பார்த்தார். டீச்சர் பேரை எழுதினாலும் அதே கல்யாணம்தான், அதே ஓலைதான் நின்றுபோகும். அது தெரிந்தும், தன் பேரை எழுதிக்கொள்ளச் சொன்னாள் அவள்.

“எழுதுங்க உபதேசியாரே” என்றார் மூப்பர்.

உபதேசியார் எழுதவில்லை. பேனா முள்ளைத் துடைத்தார். புத்தகத்தை மூடினார்.

“டீச்சர், ஓடம்கூட வராதுங்க” என்றார் மெதுவாக. “துடுப்பு மட்டுந்தான் வந்து ஒதுங்கும்.”