சிரிப்புக்கு விட்ட இடம்

வாளிக்குள் மாட்டிய கால் வெளியே வரவில்லை. நெட்டையன் இழுத்தான், உதறினான், தரையில் விழுந்து புரண்டான். கூடம் நிறைய ஆள் இருந்தும் உதவிக்கு ஒருவர்கூட அசையவில்லை.

எப்படி அசைவார்கள்? உட்கார்ந்திருந்ததெல்லாம் நாலு வயது, ஐந்து வயது வாண்டுகள். அது பாலர் பள்ளி. நாடகக் கல்லூரியின் கடைசித் தேர்வுக்காக நெட்டையனும் அவன் கூட்டாளி சுருட்டையும் அவர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு கிடையாது, உடம்புதான் எல்லாம்.

பேராசிரியர் கடைசி வரிசையில், குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். அவர் முன்பே கறாராகச் சொல்லிவிட்டார், "நீங்க எப்படி நடிக்கிறீங்கன்னு நான் பார்க்கப் போறதில்ல. பிள்ளைங்க முகத்தைத்தான் பார்ப்பேன்."

போன வருடம் நெட்டையன் கோட்டை விட்டிருந்தான். இந்த முறையும் போனால் அண்ணனோடு செங்கல் சுமக்க வேண்டியதுதான். குரங்குச் சேட்டைக்கு ஒரு படிப்பு, அதிலும் ஃபெயிலா என்று இவன் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அண்ணன் ஆரம்பித்துவிடுவான்.

காலையில் வாளியோடு உள்ளே நுழைந்தபோதே இவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்திருக்கிறது. வகுப்பு டீச்சர் தண்ணீர் கொடுத்து என்ன ஏது என்று விசாரித்தார். இவனும் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டான். கவலைப்படாதீங்க தம்பி, நடிக்க வந்திருக்கிற இந்த அண்ணனுக்கு இன்றைக்குப் பரீட்சை என்று பிள்ளைகளிடமும் சொல்லிவைக்கிறேன் என்று தைரியம் சொல்லிப் போனார் அந்தப் புண்ணியவதி.

இந்த நாடகத்தை நெட்டையன் புத்தகம் பார்த்துச் செய்யவில்லை, அண்ணன் மகளைப் பார்த்துச் செய்தான். சட்டையின் கைக்குள் தலையை விட்டு இவன் தவித்த அன்று அந்தப் பொடிசு சிரித்த சிரிப்பில் அதற்கு விக்கலே எடுத்துவிட்டது. வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியவில்லை என்றால் குழந்தைக்குக் கொண்டாட்டம், அவ்வளவுதான் சங்கதி.

ஆகவே தொப்பி தலையிலேயே இருக்க, இவன் அதை ஊரெல்லாம் தேட வேண்டும். பிள்ளைகள் "தலையில, தலையில" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் அடுத்த அடி. சுவர் எழுப்பும்போது ஜன்னலுக்கு இடம் விடுகிற மாதிரி, சிரிப்புக்கென்று அங்கங்கே இடம் விட்டுத்தான் நாடகத்தைக் கட்டியிருந்தார்கள்.

அந்த இடமெல்லாம் இப்போது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தொப்பியைச் சட்டைப் பையில் தேடினான், வாளிக்குள் தேடினான், பேராசிரியரின் நாற்காலிக்கு அடியில்கூடத் தேடினான். ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு கவுன் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, கண் கலங்க இவனையே பார்த்தது. பக்கத்துப் பொடியன் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். பயந்துவிட்டார்களோ?

சுருட்டை காற்றாகச் சுழன்று வந்து, தள்ளிவிடும் சாக்கில் இவன் காதைக் கடித்தாள். "என்னடா இது, ஒண்ணும் வேலைக்கு ஆகல."

"நான் என்ன பண்ணட்டும்? தலைகீழா நிக்கவா?"

நின்றும் பார்த்தான், வாளியோடு. மின்விசிறி ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஒருவழியாக முடித்து, குனிந்து வணக்கம் வைத்தார்கள். கைதட்டல்கூட இல்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இவர்கள் பக்கம் திரும்பாமலே வெளியே நடந்தார். போகிற முதுகை நிறுத்தி என்னத்தைச் சொல்வது?

திரைக்குப் பின்னால் நெட்டையன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். எங்கே பிசகியது? தொப்பியா, வாளியா, இல்லை தன் மூஞ்சியேவா? அண்ணன் மகள் அன்று சிரித்ததுகூடச் சித்தப்பா என்கிற பாசத்தில்தானோ? செங்கல் தேவலாம். தூக்கினால் வரும், வைத்தால் இருக்கும், சிரி என்று அதைக் கெஞ்ச வேண்டியதில்லை.

திரை மெல்ல விலகியது. அந்த ரெட்டைப் பின்னல்தான். இவன் பக்கத்தில் வந்து நின்று, பெரிய ரகசியம் சொல்வதுபோல் காதோடு வாய் வைத்தது.

"அண்ணா, பரீட்சைன்னு டீச்சர் சொன்னாங்கல்ல, எவ்ளோ சிரிப்பு வந்தும் நாங்க யாருமே சிரிக்கல, நீங்க பாஸ்தானே?"