தேனில் குழைத்தது

வெளி மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கவியாவின் இதயம் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தது.

சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ரத்தப் புற்றுநோய். குணப்படுத்தக்கூடிய வகைதான் என்றார்கள். நேற்றுவரை பெண் தேறிக்கொண்டும் வந்தாள்.

கவியாவின் அம்மா வரலட்சுமி புருஷனைப் பார்த்தாள்.

ஏசுபாதம் சபையில் மூப்பர். பைபிளை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றிருந்தார். ஜெபமும் ஆஸ்பத்திரியும் போதும், நாட்டு மருந்து என் வீட்டு வாசல்படி ஏறாது என்று சபை நடுவில் சொன்ன மனுஷன்.

அவளோ கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். திருக்கழுக்குன்றத்து மலையடிவாரத்தில், வைத்தியர் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கொடுக்கிற மருந்தை வாங்கினாள் என்று தெரிந்தால், பழைய சாமியிடமே போய்விட்டாள் என்று ஊரே பேசும்.

பேசிவிட்டுப் போகட்டும். பிள்ளை போய்விட்டால் ஊரா திருப்பித் தரப்போகிறது?

"நான்தான் குடுத்தேன் டாக்டர். கவுரிப் பாஷாணம் போட்ட செந்தூரம். திருக்கழுக்குன்றத்து வைத்தியர்கிட்ட வாங்கினது. தெனம் காலைல தேன்ல கொழச்சி. அவருக்குத் தெரியாது."

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸில் ஏற்றுவதும் அதே பாஷாணம்தானாம். ஆர்சனிக். உடம்பின் எடை பார்த்து, இதயத்தைச் சோதித்துச் சோதித்து, சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் இதயம் நின்றுவிடும். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. பெற்றவள் என்றுகூடப் பார்க்காமல் திட்டினார்.

வரலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிழைக்கவைக்கத்தான் கொடுத்தாள். வேறெதற்குக் கொடுப்பாள்? மருந்து குழைத்த விரல்களை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

டாக்டர் கொஞ்சம் தணிந்தார். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் கொடுத்தது என்றால் எப்படியாவது இழுத்துப் பிடித்துவிடலாம் என்றார். காலையில் மட்டும்தானே என்று கேட்டார்.

காலையில் மட்டும்தான் என்று அவள் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள்.

சுவரோரம் நின்றிருந்த ஏசுபாதத்துக்கு உதடு கோணியது.

"நானும் குடுத்தேன் டாக்டர். சாயங்காலத்துல. அதே வைத்தியர்கிட்ட வாங்கியாந்ததுதான். இவளுக்குத் தெரியாது."

டாக்டர் உள்ளே ஓடினார்.

தினமும் காலையில் அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று அம்மா கேட்டுக்கொள்வாள். சாயங்காலம் அம்மாவிடம் மூச்சுவிடாதே என்று அப்பா கேட்டுக்கொள்வார். கவியா இரண்டு பேர் பேச்சையும் தட்டவில்லை.