ஆவணப்படத்தில் முளைத்த பல்

கலவைச் சட்டி சுமந்த கழுத்து திரும்ப மறுத்ததால், செல்லக்கனி உடம்பையே திருப்பி டிவி பார்த்தாள். வெளிநாட்டுச் சிறைகளிலிருந்து இப்போது போன் வருவதில்லை. கைதிகளின் வீட்டுக்கு வீடு, மாதம் ஒரு ஆவணப்படம்தான் வருகிறது. திரையில், சிறையிலிருக்கும் அவள் புருஷன் முத்துக்காளை சோறு தின்றபடி சிரித்தான்.

"பாத்தியளா மதினி, அண்ணன் கொழுத்துப் போயிட்டான். நாமதான் காயுறோம்," என்றான் கொழுந்தன் பூவலிங்கம்.

"ஏல, அவுக முன்பல்லப் பாரு."

"முழுசா இருக்கே..." என்றவன் நிறுத்தினான்.

"கட்டடச் சாரத்துலருந்து விழுந்து உடைஞ்ச பல்லுல்லா அது. கல்யாணப் போட்டோவுல ஸ்டூடியோக்காரன் வரைஞ்சு வச்சான். டிவிக்காரன் கேட்டப்ப அந்தப் போட்டோவத்தான குடுத்தோம். அத வச்சே இந்தப் படத்தச் செஞ்சிருக்கான்."

"அப்ப அண்ணன் எங்க மதினி?"

படம் முடிந்தது. திருப்திதானா என்று திரை கேட்டது.

"உசுரோடயோ பொணமாவோ, எம் புருஷன நீங்க இன்னும் எனக்குத் திருப்பித் தரணும்," என்றாள் செல்லக்கனி, திரையைப் பார்த்து.